கியர் பாக்ஸுக்கு ஓர் எண்ணெய், டிஃபரன்ஷியலுக்கு வேறோர் எண்ணெய்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 1999ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். ஐந்து கியர், மேனுவல். காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) இரண்டிலும் எண்ணெய் மாற்றப் பட்டறையில் 280 டாலர் கேட்கிறார்கள். இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? கடையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று கியர் ஆயில் வகைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஸ்போர்ட்ஸ் கார்களில் மியாட்டாவைப் போல வீட்டு வேலைக்கு இடம் கொடுக்கும் வண்டி குறைவு. ஆனால் எண்ணெய்க்குப் பணம் கொடுப்பதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, எல்லாக் கியர்களையும் வரிசையாகப் போடுங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழும் கியர்கள், இன்ஜின் ஓடும்போது மட்டும் இறுகினால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். இந்தத் தலைமுறை மியாட்டாவில் கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர் (திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் பாகம்) கசிவது பலரும் அறிந்த குறை. பானெட்டைத் திறந்து கிளட்ச் திரவத்தின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். குறைந்தோ கறுத்தோ இருந்தால் முதல் செலவு அங்கேதான். எவ்வளவு விலை உயர்ந்த கியர் ஆயில் ஊற்றினாலும் அந்தக் குறை தீராது.

இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கியர் தண்டு கனமாக நகர்ந்தால் தண்டின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். இந்த கியர் பாக்ஸில் தண்டு அமரும் கிண்ணத்துக்குத் தனியாகச் சிறிதளவு எண்ணெய் உண்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை ஆண்டுகள் போகப்போகக் கிழிந்துவிடும், எண்ணெயும் வற்றிவிடும். கீழே பிளக்கைத் திறந்து எண்ணெய் மாற்றுகிறவர்களில் பலர் மேலே இருக்கும் இந்தக் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. பட்டறையில் கொடுத்தாலும் இதைச் சேர்த்துச் செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் குறை இல்லை, முதல் சில மைல்களுக்கு மட்டும் இரண்டாவது கியர் இறுகி, சூடேறியதும் சரியாகிவிடுகிறது என்றால், அது இந்த வண்டியின் பிறவிக் குணம். நல்ல எண்ணெய் அதைக் குறைக்கும், முழுதாகப் போக்காது. சிங்க்ரோ வளையம் (கியர் விழுமுன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்து பல்லோடு பல் உரசும் சத்தம் வந்தால் அது எண்ணெயால் தீரும் நோய் அல்ல.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை தர வரிசை அல்ல. ஐந்து நான்கைவிட உயர்ந்தது என்று நினைத்து வாங்கக் கூடாது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஹைபாய்டு என்ற வளைந்த வடிவப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்துவதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் தாங்காது. அதனால்தான் ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்க்கைப் பொருள்கள் ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சேர்க்கப்படுகின்றன. கியர் பாக்ஸில் நிலைமை வேறு. அங்கே பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உரசிப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் அந்தப் பிடி தளர்கிறது. தீவிரமான கந்தகச் சேர்க்கை சூட்டில் பித்தளையை அரிக்கவும் கூடும்.

மாஸ்டாவின் கையேடு உங்கள் கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 (குளிரிலும் சூட்டிலும் உள்ள கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள்) எண்ணெயில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையுமே அனுமதிக்கிறது. ஆகவே ஒரே ஜிஎல்-5 எண்ணெயை இரண்டிலும் ஊற்றுவது தவறாகாது. ஆனால் குளிரில் இரண்டாவது கியர் இறுகும் வண்டிக்கு, கியர் பாக்ஸில் சிந்தெடிக் ஜிஎல்-4, டிஃபரன்ஷியலில் ஜிஎல்-5 என்று பிரித்து வாங்கவே நான் சொல்வேன். எக்காரணம் கொண்டும் டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 ஊற்றாதீர்கள். கியர் பாக்ஸுக்கும் ஜிஎல்-5 வாங்குவதாக இருந்தால் தயாரிப்பாளரின் தரவுத் தாளில் தாமிரப் பட்டை அரிப்புச் சோதனையின் முடிவைத் தேடுங்கள். 1 என்று தொடங்கும் மதிப்பீடு இருந்தால் கவலை குறைவு. புட்டியின் முன்பக்கத்தில் பளபளக்கும் வாசகங்களை நம்பி வாங்குவதைவிட இந்த ஒரு வரி பயனுள்ளது.

90 என்ற எண்ணைப் பார்த்து மிரளவும் வேண்டாம். கியர் ஆயிலின் எண்களுக்கும் இன்ஜின் ஆயிலின் எண்களுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலில் 90 என்பது, இன்ஜின் ஆயிலில் 40, 50 என்று எழுதியிருப்பதன் கெட்டித்தன்மைக்கு அருகில்தான் வரும்.

அளவு விஷயத்தில் அமெரிக்கக் கடைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. கியர் பாக்ஸ் 2 லிட்டர் கொள்ளும், டிஃபரன்ஷியல் 1 லிட்டர். விற்பதோ குவார்ட் புட்டி. ஒரு குவார்ட் என்பது 946 மில்லி லிட்டர். ஆக, கியர் பாக்ஸுக்கு இரண்டு புட்டி போதாது, மூன்று வேண்டும். மூன்றாவதில் மிஞ்சுவது தண்டின் கிண்ணத்துக்கு உதவும். டிஃபரன்ஷியலுக்கும் ஒரு புட்டி சற்றுக் குறையும், இரண்டு வாங்குங்கள். உங்கள் வண்டியில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) இருந்தால், 1999இல் அது டோர்சன் வகை, முழுக்கப் பற்சக்கரங்களால் ஆனது. கிளட்ச் தட்டுகள் உள்ள வகைக்குத்தான் உராய்வு மாற்றி என்ற தனிச் சேர்க்கை தேவைப்படும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

எண்ணெய், வாஷர், கைப் பம்ப் எல்லாம் சேர்ந்து நூறு டாலரை ஒட்டி வரும். ஆனால் ஜாக்கியும் நான்கு ஜாக் ஸ்டாண்டுகளும் உங்களிடம் இல்லையென்றால் முதல் முறை பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. மிச்சம் அடுத்த முறையிலிருந்துதான். ஜாக்கி, ஸ்டாண்டுகளின் செலவைக் குறைக்க நினைக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. வண்டி நான்கு ஸ்டாண்டுகளிலும் மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் எண்ணெயின் அளவும் தவறிவிடும்.

வேலையில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு: ஊற்றும் பிளக்கை முதலில் திறங்கள், வடிக்கும் பிளக்கை அப்புறம். எண்ணெயை வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். இருபது ஆண்டு தாண்டிய வண்டியில் இது அடிக்கடி நடக்கிறது. பிளக்குகளுக்கு 24 மில்லிமீட்டர், சில வண்டிகளில் 23 மில்லிமீட்டர் சாக்கெட் தேவைப்படும். ஆறு முனை சாக்கெட்டாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் இறுகிய பிளக்கின் விளிம்பை மழுக்கிவிடும்.

கால் மணி நேரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டால் நன்றாக வடியும். ஆனால் புகைக்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது, கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், கியர் ஆயிலின் கந்தக நாற்றம் துணியை விட்டுப் போகாது. வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல மெல்லிய படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் அகப்படும் அளவுக்குத் துண்டோ செதிலோ இருந்தால் வேலையை முடித்துவிட்டு, நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள்.

புதிய எண்ணெயை ஊற்றும் துவாரத்திலிருந்து வழியத் தொடங்கும்வரை நிரப்புங்கள், அதுதான் சரியான அளவு. டிஃபரன்ஷியலுக்குக் கைப் பம்ப் போதும். கியர் பாக்ஸுக்கு இன்ஜின் பக்கமிருந்து நீளமான குழாயை இறக்கி, மேலே புனல் வைத்து ஊற்றினால் வேலை சுலபம். வாஷர்கள் புதிதாக இருக்கட்டும். பிளக்குகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முடுக்குங்கள். உறை அலுமினியம் என்பதால், பலம் முழுவதையும் காட்டினால் மரை போய்விடும்.

பழைய எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, பிரேக் திரவம், கூலண்ட் எதுவும் கலக்காமல், உதிரி பாகக் கடையில் கொடுங்கள். பெரிய சங்கிலிக் கடைகள் பலவும் கட்டணமில்லாமல் வாங்கிக்கொள்கின்றன.

கேள்வி: என்னுடைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரில் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேக ஆட்டோமேட்டிக். விற்றவர், "உள்ளே இருப்பது ஆயுள் முழுவதற்குமான எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்கிறார். 70,000 மைல் ஆகிவிட்டது. நானே மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டும், நீங்களே மாற்ற வேண்டாம். கியர் பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. உங்கள் 70,000 மைல் ஏறக்குறைய 113,000 கிலோமீட்டர். செய்தவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், விற்றவர் சொல்வதை விடுங்கள்.

இதில் எண்ணெயின் அளவை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலைக்குள் இருக்கையில், வண்டி மட்டமாக நிற்கும்போது சரிபார்க்க வேண்டும். வடிகட்டியும் அடித்தட்டும் பெரும்பாலும் ஒரே துண்டாக வருவதால் அதையும் சேர்த்தே மாற்றுவார்கள். வெப்பநிலையைப் படிக்கும் கருவியும் வண்டியைத் தூக்கி நிறுத்தும் சாதனமும் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். டிஃபரன்ஷியல் எண்ணெயை வேண்டுமானால் வீட்டில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: போன ஆண்டு புதிதாக வாங்கிய காரில் டிஃபரன்ஷியல் எண்ணெயை நானே மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று முகவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: அமெரிக்காவில் வாங்கிய வண்டி என்றால் உண்மையில்லை. 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டத்தின்படி, குறிப்பிட்ட பட்டறையில்தான் பராமரிக்க வேண்டும், குறிப்பிட்ட பிராண்டு எண்ணெயைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. அதை இலவசமாகக் கொடுத்தாலோ, மத்திய வர்த்தக ஆணையம் தனியாக விலக்கு அளித்திருந்தாலோ மட்டுமே முடியும். அதே சமயம், நீங்கள் தவறான எண்ணெயை ஊற்றி டிஃபரன்ஷியல் கெட்டால், அந்தப் பழுதை அவர்கள் மறுக்கலாம். வண்டியின் மற்ற பாகங்களுக்கான வாரண்டி அப்போதும் நிற்கும்.

கையேட்டில் உள்ள தரத்தையே வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், புட்டியின் பின்பக்கத்தையும் மைல் மீட்டரையும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். முகவர் மீண்டும் அப்படிச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தந்தால், அதை இணைத்து ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம்.