திறப்பு வைத்திருந்தவர்

வணக்கம் ஐயா,

முல்லைத்தீவில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன கிழமை ஆதியாகமம் முதலாம் அதிகாரம். ‘சகல ஜீவஜந்துக்களையும் ஆண்டுகொள்ளுங்கள்’ என்று வாசித்ததும் ஒரு பொடியன் எழும்பி, “அப்ப யானையை ஏன் ரீச்சர் சுடக்கூடாது?” என்று கேட்டான். ஆளுதல் என்றால் அன்பு செய்தல் என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கையில்லை. கடவுள் ‘நமது சாயலாக’ என்று பன்மையில் பேசுவது ஏன்? பெண்ணை ஆண் ஆளுவதும் படைப்பின் ஒழுங்குதானா?

பிள்ளைக்கு,

பன்மையை விட்டுவிடுவோம். ஒரே கடவுளில் மூவர், அதாவது திரித்துவம் என்பார்கள், வானோர் சபையோடு பேசினார் என்பார்கள். எதைச் சொன்னாலும் யானை புகுகிற அந்தப் பொடியனின் வயலுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. படிப்பிக்கிற ஆள் நீர், முழுதாக வாசிக்க வேண்டாமா? முதலாம் அதிகாரம் ஆணையும் பெண்ணையும் சேர்த்துத்தான் ஆளச் சொல்கிறது. ஆளப்பட வேண்டியவை மீன், பறவை, மிருகம், ஊர்வன. மனிதர் அந்தப் பட்டியலில் இல்லை. 2009இல் இடம்பெயர்ந்தோர் முகாமில், பக்கத்துக் கூடாரத்து அக்கா தந்த கிழிந்த பைபிளில்தான் இதை முதன்முதலில் வாசித்தேன். பட்டியலை மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன். ‘அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்’ என்பது மூன்றாம் அதிகாரத்தில், எல்லாம் பிழையாகிப்போன பிறகு வருகிறது. நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்பது அதற்கு இரண்டு வசனம் தள்ளித்தான் இருக்கிறது. அதுவும் ஒழுங்குதான் என்று எந்தக் கமக்காரனும் களை பிடுங்காமல் இருந்ததில்லை.

சரி, ஆளுதல். தயவுசெய்து அதற்குச் சீனி தடவாதேயும். எபிரேயத்தில் ‘ராதா’ (நம் ஊர் ராதா அல்ல) என்பது மெல்லிய சொல் இல்லை. எசேக்கியேல் 34இல் ஆடுகளைக் கொடுமையாக ஆண்ட மேய்ப்பரைத் திட்டும்போதும் இதே சொல்தான். ‘கீழ்ப்படுத்து’ என்பதற்கு நிற்கும் ‘கபாஷ்’ இன்னும் மோசம். விடுதலை செய்த அடிமைகளைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கியதைச் சொல்ல எரேமியா 34இல் வருகிறது. சொல்லை மெதுவாக்கிப் பயனில்லை. அடுத்த வசனங்களைப் பாரும். விதையுள்ள பூண்டும் பழமும் மனிதனுக்கு, பச்சைப் பூண்டு மிருகங்களுக்கு. இறைச்சி தின்ன உத்தரவு நோவா காலத்து வெள்ளம் வடிந்து ஒன்பதாம் அதிகாரத்தில்தான் கிடைக்கிறது. குடிமக்களைச் சாப்பிட அனுமதி இல்லாத ராசா இந்த மனிதன். யானை தன் பங்கைத்தான் தின்கிறது என்று மட்டும் பொடியனிடம் சொல்லிவிடாதேயும், அடிக்க வருவான்.

எனக்கு இதை விளங்கப்படுத்தியவர் பைபிளைத் தொட்டே இராத என் அப்பு, அப்பாவின் தகப்பன். எங்கள் குளத்தின் துருசுத் திறப்பு, அதாவது மதகைத் திறக்கிற சாவி, அவரிடம்தான் இருந்தது. விதைப்புக்கு முன் ஐயனார் கோயிலடியில் கூட்டம் கூடி, அவரிடம் கொடுத்திருந்தார்கள். அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். எங்கள் வயல் துருசுக்குக் கிட்ட, வாய்க்காலின் தலைப்பில்.

1970களில் ஒரு சிறுபோகம், கோடைப் பயிர்க் காலம். குளம் பாதிகூட இல்லை. தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மேலுள்ளவர்கள் தங்கள் வயலுக்கு வாய்க்காலில் வாய் வெட்டலாம் என்று கூட்டத்தில் தீர்மானம். ஒரு இரவு சித்தப்பா, அப்பு அயர்ந்த நேரம் பார்த்துத் திறப்பை அவிழ்த்துப் போய், எங்கள் வயலுக்கு ஒரு மணித்தியாலம் தண்ணீர் விட்டுவிட்டார். விடிய வரம்பில் ஈரத்தைப் பார்த்த அப்பு ஒன்றும் பேசவில்லை. நேரே கோயிலடிக்குப் போய், தானே ஆட்களைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, எங்களுடைய அடுத்த இரண்டு தண்ணீர் முறையையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். வயலின் ஒரு மூலை கருகிப்போனது. சித்தப்பா அடுத்த மழைக்காலக் காலபோகம் வரை அவரோடு கதைக்கவில்லை. அப்பாச்சி கதைத்தார், நிறையவே. “திறப்பை இடுப்பில வைச்சுக்கொண்டு பயிரைக் காயவிடுற விசரன்” என்றார். அப்பு சொன்னது ஒன்றுதான்: “திறப்புத் தந்த சனம் என்ர வயலைத்தான் முதல் பாக்கும்.”

அவரைப் புனிதர் என்று நினைக்கவேண்டாம். எருமை வரம்பை உடைத்தால் தடியால் வெளுத்துவிடுவார். யானைக்கு வெடி கொளுத்துவதில் ஊரில் முதல் ஆள். அதட்டாத நாளில்லை. ஆனால் தண்ணீர் தன்னுடையது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனிதனை வைக்கிறார்கள் அல்லவா? மூன்றாம் அதிகாரத்தில் தோட்டத்தின் சொந்தக்காரர் வெயில் தணிந்த நேரம் அங்கே உலாவ வருகிறார். உரையாசிரியர்கள் அதற்கு என்னென்னவோ சொல்கிறார்கள். அப்புவிடம் வாசித்துக் காட்டியிருந்தால், பின்னேரம் வயல் பார்க்க வந்திருக்கிறார் என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பார். ஆளுதல் என்ற சொல்லை எனக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது. அதில் அன்பு இருக்கிறதோ இல்லையோ, கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார்.

பொடியனை மறந்தே போனேன். சுடலாமா என்று அவன் கேட்டது கேள்வியே இல்லை, பிள்ளை. முதல் நாள் இரவு காவல் கொட்டிலில் தகரம் தட்டிக்கொண்டு இருந்தானா என்று விசாரித்தீரா? எத்தனை ஏக்கர் போனது என்றாவது? முதலில் அதைக் கேளும். வாற ஞாயிறு வகுப்பில் அவன் நித்திரை கொண்டால் எழுப்பாதேயும்.