திருகோணமலை வளர்ந்ததில் பஸ்ஸுக்குப் பங்கு அதிகமா, ரயிலுக்கா?

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் முன்னால் பாதையைத்தான் சொல்வேன். நான் திருகோணமலை நகரத்துக்குத் தண்ணீர் கடந்து போகவேண்டியிருந்த கிண்ணியாக்காரன். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வீதி இல்லை. ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவை.

முதலில் ரயில். மாகோவிலிருந்து கிழக்கே வந்த தண்டவாளம் கல்ஓயாச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மட்டக்களப்புக்கு. மற்றது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு வந்து முடிகிறது. 1920களின் கடைசியில் போட்டது. இரவுக் கோச்சியில் ஏறிப் படுத்தால் விடியக் கொழும்பு கோட்டையில் இறங்கலாம். ஆனால் அது தூரப் பயணத்துக்கு. சந்தைக்கும் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தினம் போய்வருகிற சனத்துக்கு பஸ்தான்.

1958 ஜனவரி 1ஆம் தேதி தனியார் பஸ் கம்பெனிகளை அரசாங்கம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. 1979இல் மறுபடி தனியாருக்கு இடம் கொடுத்தார்கள். இடையில் சபையின் பெயரும் அமைப்பும் மாறி மாறி வந்தன. என் வாப்பாவுக்கு இன்றும் அது பழைய இங்கிலீஷ் பெயரின் சுருக்கமான சீ.ரீ.பி.தான்.

சரி, பாதைக்கு வருகிறேன். தம்பலகாமக் குடா கொட்டியாரக் குடாவோடு சேருகிற இடத்தில், இக்கரை கிண்ணியா, அக்கரை வெள்ளைமணல் பக்கம். நான் நகரத்துக்கு டியூஷனுக்குப் போன காலத்தில் அக்கரையில் பஸ் நிற்கும். கொண்டக்டர் மணிக்கூட்டைப் பார்க்க மாட்டார், தண்ணீரைத்தான் பார்ப்பார். பாதை நடுவுக்கு வந்தது தெரிந்த பிறகுதான் எஞ்சினைப் போடச் சொல்வார். பாதை கரை தட்டியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சீட்டுப் பிடிக்க ஓடுவோம். ஈரக் காலில் மணல் ஒட்டி, பஸ் தரையெல்லாம் மணல். காற்று பலமாக அடித்த நாளில் பாதை பிந்தும், பஸ் பிந்தும், முதல் பாடம் போய்விடும். இரவில் வீட்டில் யாருக்காவது நோய் என்றால் அக்கரை போவது எவ்வளவு பாடு என்று கிண்ணியாவில் எந்த உம்மாவைக் கேட்டாலும் சொல்வார்.

கிண்ணியாவையும் தாண்டி இருக்கும் மூதூர்க்காரர் பாடு இன்னும் பெரிது. குடாவைக் கடக்கும் லோஞ்ச் படகை விட்டால், உப்பாறு, கங்கை, இறால்குழி என்று தரைவழியில் ஒவ்வொரு துறையாகக் காத்துக் கிடக்க வேண்டும்.

2009 அக்டோபர் 20ஆம் தேதி கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீட்டர், சவூதி உதவியில் கட்டியது. 2011இல் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. அதற்குப் பிறகு மட்டக்களப்பு பஸ் மூதூர் வழியாகவே ஓடுகிறது. திருகோணமலை உண்மையில் பெரிய நகரமானது அப்போதுதான் என்பது என் எண்ணம். கட்டடம் கூடியதை வைத்துச் சொல்லவில்லை. கிண்ணியாவில் படுத்து எழும்பி நகரத்தில் வேலை செய்ய முடிகிறது, அதை வைத்துச் சொல்கிறேன்.

நகரத்துக்கு உள்ளே மட்டும் எனக்குக் குறை இருக்கிறது. பஸ் நிலையத்தில் இறங்கி உவர்மலையில் உள்ள அலுவலகத்துக்குப் போக ஆட்டோதான் பிடிக்கிறேன். ஊரிலிருந்து வந்த பஸ் காசை விட அதுதான் கூட. நிலையத்திலிருந்து உவர்மலை, மடத்தடி, பாலையூற்று என்று சுற்றிவர இரண்டு சின்ன பஸ் விட்டால், என்னைப் போல் தினம் வருகிறவர்கள் எல்லாரும் ஏறுவார்கள்.