மருத்துவக் கல்வியில் பயிற்சி, பயிற்றுவித்தல்: வேலூர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்கள்

குடியாத்தம் மாணவி: நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. மருத்துவத் துறைக்குள் வர வேறு வழி உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கம் முதலிய படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. கட்டணம் கட்டுமுன், கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுள்ளதா என்பதை நீங்களே விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்; முகவர் சொல்வதை நம்பிப் பணம் செலுத்த வேண்டாம்.

ஆம்பூர் செவிலியர்: டிப்ளமோ முடித்து வார்டில் பணிபுரிகிறேன். நர்சிங் கல்லூரி ஆசிரியராக முடியுமா?

முடியும். இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதன்பின் இரண்டாண்டு எம்.எஸ்சி. நர்சிங் என்பதே அதற்குரிய பாதை. உங்கள் வார்டு அனுபவம் அங்கே கணக்கில் வரும். ஆனால் கற்பிக்கத் தொடங்குவதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லித்தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு படியையும் விளக்கியபடி செய்யுங்கள். மூன்றாம் முறை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நான்காவதாக அவரே செய்யட்டும். ஸ்டெதஸ்கோப்பை வைக்குமுன், மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி பட்டையில் காற்றேற்றி, நாடி மறையும் அளவை அவர் குறித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். சிலருக்கு ஒலி இடையில் மறைந்து மீண்டும் கேட்பதால், இந்தப் படியை விட்டுவிட்டால் உயர் அழுத்தம் குறைவாகப் பதிவாகிவிடக்கூடும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லித்தந்தால்தான் மாணவி தனியாக இருக்கும்போதும் அந்தப் படியைத் தவறவிட மாட்டார்.

காட்பாடி மருத்துவர்: எம்.டி. முடித்தால் மருத்துவக் கல்லூரியில் கற்பிக்க அது போதாதா?

பாட அறிவு வேறு, கற்பிக்கும் திறன் வேறு. 2019-இல் திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தபின், மாணவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதோடு என்ன செய்ய வல்லவர் என்பதையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டியுள்ளது. ஆகவே தேசிய மருத்துவ ஆணையம் வகுத்துள்ள மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சியைப் பதவி உயர்வுக்கான சடங்காகக் கருதாமல், பணியில் சேர்ந்தவுடனேயே முடித்துவிடுங்கள்.

வாலாஜா மாணவர்: கிராமப் பயிற்சியால் படிப்பு நேரம் வீணாகிறதே?

வீணாவதாக நான் கருதவில்லை. வேலூரில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் சாலையோர மருத்துவ முகாம்களையும் நடத்தியவர். 1918-இல் பெண்களுக்கென அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பின்னாளில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கே.வி.குப்பம் வட்டாரத்தில் அதன் ருஹ்சா கிராம நலப் பிரிவு 1977 முதல் இயங்கிவருகிறது. சர்க்கரை நோயாளி ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்பதற்கான விடை மருத்துவமனைக் கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் இருக்காது. அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சமையல் செய்வது யார், மருந்து வாங்கி வருவது யார், வேலைக்குப் போகும் நாளில் எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டால் அது தெரியவரும். அடுத்த முறை கிராமத்துக்குப் போகும்போது ஒரே குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி முடியும்வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்து, கேட்டறிந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.