வட்டவலைச் சிலந்திகள் எல்லாம் ஒரே குடும்பமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பால்மரக் (ரப்பர்) காட்டில் காணும் வட்டவலைச் சிலந்திகள் எல்லாம் ஒரே குடும்பமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வலையை நெருங்கிப் பாருங்கள். சுருள் இழையில் பசைத்துளிகள் வரிசையாக மின்னினால் அது அரேனியாய்டியா என்னும் பெருங்குடும்பம், அதாவது பல குடும்பங்களின் தொகுதி. துளியே இல்லாமல் இழை பஞ்சுபோல் இருந்தால் உலோபோரிடே என்னும் குடும்பம். அதற்கு நச்சுச் சுரப்பி கிடையாது, இரையை இழையால் இறுகச் சுற்றியே அடக்கிவிடும்!

இரண்டும் நெருங்கிய உறவு என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2014இல் வந்த மரபணு ஆய்வுகள் அதைப் புரட்டிப்போட்டன: உலோபோரிடேவுக்கு நெருங்கிய சொந்தம், வலையின்றி வேட்டையாடும் குதிக்கும் சிலந்திகள் அடங்கிய கிளை. வட்டவலை ஒருமுறை தோன்றிப் பல கிளைகளில் மறைந்ததா, இருமுறை தோன்றியதா என்பதே வழக்கு.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு, பத்துமலைக் குகையின் லிபிஸ்டியஸ் என்னும் சிலந்தி. வயிற்றின்மேல், உடல் துண்டுதுண்டாகப் பிரிந்திருந்ததைக் காட்டும் தகடுகள் இன்னும் மறையாத தொன்மையான கிளை. வளைவாசலில் ஒரு மூடி, சுற்றிலும் சில இழைகள். பூச்சி அவற்றில் இடறினால் உள்ளிருக்கும் சிலந்திக்குத் தெரிந்துவிடும்.