ஆவுளியா பறக்கலாம், வால் மாறக் கூடாது

கேள்வி: ஐயா, நான் கம்ப்யூட்டரில் சர்ரியல் படங்கள், அதாவது கனவில் வருவது போன்ற படங்கள் செய்கிறேன். கடைசியாகச் செய்த படத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம், அதற்கு மேலே பறக்கும் ஆவுளியா (கடல்பசு), சுவரில் உருகி வழியும் கடிகாரம், கடலுக்குள் ஓடும் ரயில், ஜன்னல்தோறும் சிரிக்கும் மீன்கள், கரையில் ஒரு வத்தை (மீன்பிடிப் படகு). ஊரில் எல்லோரிடமும் காட்டினேன். கடலுக்குப் போகிற பெரியப்பா, "ஆவுளியாவுக்கு வால் இப்படியா இருக்கும்? வத்தை வேற மூக்குக் குத்தி நிக்குது, ஒரு நங்கூரத்தைப் போடு" என்றார். ஓவிய ஆசிரியர் ஒருவர் நிழல் தப்பு என்றார். கூடப் படித்தவன் "ஏஐ-ல போட்டதா?" என்றான். மாமா மகள் கலரை இன்னும் ஏற்றச் சொன்னாள். அப்பத்தா மட்டும், "மீனு எதுக்குய்யா சிரிக்குது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பறக்கிற ஆவுளியாவுக்கு வால் எப்படி இருந்தால் என்ன? பகுத்தறிவின் கட்டுப்பாடு கூடாது என்றுதானே பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924-இல் எழுதிய சர்ரியலிச அறிக்கையே சொல்கிறது? இவர்கள் பேச்சைக் கேட்டால் கனவு கனவாக இருக்குமா? இந்தப் படத்தை உங்கள் இதழில் போடுவீர்களா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, ஒன்றைக் கவனித்தீர்களா? ஆவுளியா ஏன் பறக்கிறது என்று உங்கள் பெரியப்பா கேட்கவில்லை. சரி, இந்தப் படத்தில் அது பறக்கும் என்று சிரமமே இல்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் கண் வாலில்தான் தடுக்கியது. உங்களுக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதைவிட உயர்ந்தது இல்லை. நீங்கள் கோபப்பட்டதும் இதற்குத்தான்.

பெரியப்பா சொன்னது சரி. ஆவுளியாவின் வால் நடுவில் பிளந்து, டால்பின் வாலைப் போல இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். உங்கள் படத்தில் இருப்பது துடுப்பு மாதிரி உருண்ட வால். அது மானட்டி. ஆவுளியாவுக்கு ஒன்றுவிட்ட உறவு, அவ்வளவுதான். அமெரிக்கக் கண்டத்து அட்லாண்டிக் கரைகளிலும் ஆறுகளிலும், மேற்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறது. மன்னார் வளைகுடாவில் கிடையாது. இணையத்தில் கடல்பசு என்று தேடி, முதலில் வந்த படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். பறப்பது நீங்கள் தெரிந்தே சொன்ன பொய். அதைப் பார்க்கிறவர் ரசிப்பார். வால் நீங்கள் தெரியாமல் சொன்ன பொய். அதைப் பார்த்ததும், "இவனுக்கு ஆவுளியாவையே தெரியாது போலிருக்கே" என்று நினைப்பார். அப்புறம் அது பறந்தால் என்ன, படுத்தால் என்ன?

பிரெத்தோனைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அந்த அறிக்கை, மனத்தில் எழுவதைப் பகுத்தறிவு தணிக்கை செய்யக் கூடாது என்கிறது. எது எழலாம் என்பதற்குத்தான் அந்தச் சுதந்திரம். எழுந்ததைப் பிறர் கண்முன் நிறுத்தும்போது கை அசட்டையாக இருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் உருகும் கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சர்ரியல் ஓவியர் சால்வதோர் தாலி 1931-இல் வரைந்த அந்த ஓவியம் 24 சென்டிமீட்டர் உயரம், 33 சென்டிமீட்டர் அகலம்தான். பள்ளிக்கூட நோட்டை விரித்து வைத்தால் அதைவிடப் பெரிது. அதில் கடிகாரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், பின்னால் இருக்கிற பாறைகளைப் பார்ப்பதில்லை. அவை ஸ்பெயினில் அவர் சிறுவயதிலிருந்தே அறிந்த கட்டலோனியக் கரையின் பாறைகள். கடிகாரம் உருகுவதை நாம் நம்புகிறோம் என்றால், அந்தப் பாறையும் அதன் மேல் விழும் வெயிலும் அத்தனை உண்மையாக இருப்பதால்தான். நீங்கள் ஸ்பெயினிலிருந்து கடிகாரத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, அவர் தன் கரைக்குக் காட்டிய விசுவாசத்தை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

உங்கள் கரையைப் பாருங்கள். அந்தத் தேவாலயச் சுவருக்குக் கிட்டே போனால் பவளக்கல் தெரியும். துளை துளையாக, உப்புக் காற்று அரித்த கல். நீங்கள் என்ன செய்தீர்கள்? படம் சுத்தமாக இருக்கட்டும் என்று மழுமழுவென்று தேய்த்து, நேற்றுப் பூசிய சிமென்ட் சுவராக்கிவிட்டீர்கள். கடலோ சுற்றுலா விளம்பரத்திலிருந்து வந்த பளிங்குப் பச்சை. உங்கள் ஊரில் ஒரு பக்கம் பெண் கடல், ஒரு பக்கம் ஆண் கடல் என்று பேர் வைத்துப் பிரிக்கிற அளவுக்கு இரண்டுக்கும் குணம் வேறு. இந்தப் படத்தில் இருப்பது எது? இரண்டும் இல்லை. கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். அந்தச் சுவருக்கு அது தேவையில்லை.

அடுத்து வத்தை. மூக்குக் குத்தி நிற்கிறது, நங்கூரம் போடு என்றார் பெரியப்பா. இதில் முதல் பாதி பொன். இரண்டாம் பாதியை விட்டுவிடலாம். வயிறு வலிக்கிறது என்று வருகிறவர் மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால், வலியை நம்ப வேண்டும், மருந்தை நாம்தான் பார்க்க வேண்டும். வத்தை ஏன் கவிழ்வது போலத் தெரிகிறது? அந்தப் புகைப்படம் உயரத்திலிருந்து, அநேகமாகப் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று, கீழே பார்த்து எடுத்தது. அதனால்தான் படகின் உள்பலகையெல்லாம் தெரிகிறது. தேவாலயமோ மணலில் நின்று நிமிர்ந்து பார்த்து எடுத்தது. மணலில் நிற்கிறவர் கண்ணுக்குத் தொடுவானம் அவர் கண் உயரத்தில்தான் இருக்கும். பாலத்திலிருந்து எடுத்த படகை அந்த மணலில் வைத்தால், அது பார்ப்பவரை நோக்கிச் சரியத்தான் செய்யும். இப்போது நங்கூரம் போட்டால் நங்கூரமும் சேர்ந்து சரியும். கரையில் உட்கார்ந்து, போனைத் தாழ்வாகப் பிடித்து, ஒரு வத்தையை நீங்களே படம் எடுங்கள். உங்கள் ஊரில் வத்தைக்குப் பஞ்சமா?

நிழல் விஷயத்தில் ஆசிரியர் கட்சிதான் நான். தேவாலயத்தின் நிழல் இடது பக்கம் நீள்கிறது, சாயங்கால வெயில். வத்தைக்குக் கீழே நிழல் குறுகிக் கிடக்கிறது, உச்சி வெயில். ஆவுளியாவுக்கு நிழலே இல்லை. அத்தனை பெரிய உடம்பு தேவாலயத்துக்கு மேலே போகும்போது அதன் நிழல் மணலில் விழுந்திருந்தால், அந்த ஒன்றே அது பறப்பதை நிரூபித்திருக்கும். நிழலைத் தனி லேயரில் (அடுக்கில்), கீழே இருக்கிற நிறத்தை இருட்டாக்குகிற மல்டிப்ளை முறையில் போடுங்கள். வெறும் கறுப்பைக் கொட்டாமல், வானத்தின் நீலம் கொஞ்சம் கலந்த நிறத்தை எடுங்கள். பொருள் தரையைத் தொடுகிற இடத்தில் நிழல் அடர்ந்து கூர்மையாகவும், விலக விலக மங்கியும் இருக்கட்டும். பறக்கிறது எதையும் தொடவில்லை என்பதால் அதன் நிழல் முழுக்கவே ஓரம் மங்கலாக வரும். இன்னொன்று: உங்கள் கரையில் காற்றில் எப்போதும் உப்பு ஈரம். தூரத்தில் இருக்கிற எதுவும் முழுக் கறுப்பாகத் தெரியாது. உங்கள் படத்தில் கடலுக்கு அந்தக் கோடியில் ஓடுகிற ரயிலின் சக்கரம், காலடியில் கிடக்கிற வத்தையைவிடக் கறுப்பாக இருக்கிறது. படத்தை இடவலமாகத் திருப்பி, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நான் எழுதாமல் விட்ட தப்புகளும் தெரியும்.

ஏஐ என்று கேட்ட நண்பர் விமர்சனம் எதுவும் சொல்லவில்லை, விசாரணை செய்தார். லேயர் கலைக்காத கோப்பைத் திறந்து காட்டுங்கள், முடிந்தது. மாமா மகளின் கலர் யோசனைக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம்.

யாரிடம் காட்டினாலும், "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு "சூப்பர்" என்ற ஒரே பதில்தான் உண்டு, அதுவும் மரியாதைக்கு. "இதுல என்ன நடக்குது, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கம் பத்து வரியில் விளக்கம் எழுதியிருக்கிறீர்களே, அதை அவர்கள் பேசி முடிக்கும்வரை காட்ட வேண்டாம். எனக்கும் காட்டாமல் இருந்திருக்கலாம்.

இனி அப்பத்தா. அவர் கேட்டது நிழலையோ வாலையோ சேர்ந்ததில்லை. சென்னையில் ஒருவருக்குக் கடலுக்குள் ஓடும் ரயில் என்றால் அழகான கற்பனை. உங்கள் கரையில் அது செய்தி. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைப் புயலலை அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி அதோடு ஊராக இல்லாமல் போயிற்று. அதை நேரில் அனுபவித்த தலைமுறைக்கு உங்கள் ஜன்னல்களில் என்ன தெரிந்திருக்கும்? அங்கே மீனைச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள். மோசமான எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. ஜாலியாக இருக்கும் என்று வைத்திருப்பீர்கள். ஆனால் அந்த இடத்தில், அந்தத் தேவாலயத்துக்கு எதிரில், "எனக்குத் தோன்றியது, வைத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ரயிலை எடுத்துவிடச் சொல்கிறேனா? இல்லை. படத்திலேயே வலுவான பொருள் அதுதான். பெல்ஜிய சர்ரியல் ஓவியர் ரெனே மாக்ரித் 1938-இல் ஒரு ரயில் எஞ்சின் வரைந்தார். சாதாரண வீட்டுக் கூடம், கணப்பு அடுப்பு, அதன் மேல் கடிகாரம், மெழுகுவர்த்தித் தண்டுகள், கண்ணாடி. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில். அடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு எஞ்சின் வெளியே வருகிறது. அதன் புகைகூட ஒழுங்காகப் புகைபோக்கிக்குள்தான் போகிறது. வினோதம் ஒன்றே ஒன்று, அதுவும் முகத்தில் எந்தச் சிரிப்பும் இல்லாமல். உங்கள் படத்தில் வினோதம் நான்கு: பறக்கும் ஆவுளியா, உருகும் கடிகாரம், கடல் ரயில், சிரிக்கும் மீன். நான்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் எதையும் நின்று பார்க்க முடியவில்லை. ரயிலும் ஆவுளியாவும் ஒரே படத்தில் வேண்டுமா என்றுகூட யோசியுங்கள். எனக்கு அது இரண்டு படம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1964-இல் அந்தப் பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி குறைந்த பாதை. நீங்கள் வைத்திருப்பது இன்றைய அகலப்பாதைப் பெட்டிகள். கவனக்குறைவு என்றால் திருத்துங்கள். இன்றைய ரயில் அன்றைய கடலுக்குள் போகிறது என்று வேண்டுமென்றே வைத்தீர்கள் என்றால், அப்படியே விடுங்கள். ஆனால் அப்போது ஜன்னலில் யார் இருக்க வேண்டும் என்பது பெரிய கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பத்தாவிடம் உட்கார்ந்து, படத்தைக் காட்டாமல், அந்தப் புயலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்கிற நிலையில் இருந்தால் சொல்லட்டும், இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள்.

இதழில் போடுவீர்களா என்றால், இந்தப் படத்தை இல்லை. மாற்றிச் செய்தால் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிப் போய்விடும், மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஏ4 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது அகலம் 2480, உயரம் 3508 பிக்சல். திரையில் ஜொலிக்கிற அந்தப் பச்சைநீலம் அச்சகத்தின் நான்கு மைகளில் வராது, மங்கித்தான் விழும். அனுப்பும் முன் அந்த நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.