திரும்பி வந்தால் திறக்காத ‘நெக்ஸ்ட்’ பொத்தான்

கேள்வி: கணினிவழிப் பாடங்களை உருவாக்கும் மென்பொருளான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைனில் தீத்தடுப்புப் பயிற்சிப் பாடம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ஒரு ஸ்லைடில் மூன்று தீயணைப்பான்களின் படங்கள் உள்ளன. மூன்றையும் அழுத்திப் பார்த்த பிறகே ‘நெக்ஸ்ட்’ பொத்தான் திறக்க வேண்டும். முதல் முறை சரியாகத் திறக்கிறது. அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் பொத்தான் மங்கிக் கிடக்கிறது; படங்களை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன். என்ன கோளாறு?

பதில்: மென்பொருளில் கோளாறு இல்லை. ஸ்லைடின் டைம்லைன் (காலக்கோடு) தொடங்கும்போது பொத்தானை ‘டிசேபிள்டு’ (பூட்டிய நிலை) ஆக்கும் டிரிகர் (ஒன்று நடந்தால் இன்னதைச் செய் என்ற கட்டளை) ஒன்றும், மூன்று படங்களும் ‘விசிட்டட்’ (பார்த்தாயிற்று என்ற நிலை) ஆகும்போது அதை ‘நார்மல்’ ஆக்கும் டிரிகர் ஒன்றும் வைத்திருப்பீர்கள். முதலாவது, கற்பவர் அந்த ஸ்லைடுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் இயங்கும். இரண்டாவதோ, நிலை மாறும் அந்தக் கணத்தில் மட்டுமே இயங்கும். இத்தகைய ஸ்லைடுகளை ஸ்டோரிலைன், நாம் வேறு விதமாக அமைக்காத வரை, கற்பவர் விட்டுச் சென்ற நிலையிலேயே மீண்டும் காட்டுகிறது. ஆகவே அவர் திரும்பும்போது படங்கள் மூன்றும் ஏற்கெனவே ‘விசிட்டட்’ நிலையில்தான் இருக்கின்றன. புதிதாக மாறுவதற்கு எதுவும் இல்லாததால், முதல் டிரிகர் பூட்டியதைத் திறக்க வேண்டிய இரண்டாவது டிரிகர் இயங்குவதே இல்லை.

இதைச் சரிசெய்ய, சரி (‘ட்ரூ’) அல்லது தவறு (‘ஃபால்ஸ்’) என்ற மதிப்பை மட்டும் ஏற்கும் வேரியபிள் (மதிப்பை நினைவில் வைக்கும் மாறி) ஒன்றை உருவாக்கி, அதன் தொடக்க மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று வையுங்கள். மூன்று படங்களும் ‘விசிட்டட்’ ஆகும்போது, பொத்தானைத் திறப்பதோடு இந்த வேரியபிளையும் ‘ட்ரூ’ ஆக்கும் டிரிகர் ஒன்றைச் சேருங்கள். பிறகு, பொத்தானைப் பூட்டும் டிரிகரில், வேரியபிள் ‘ஃபால்ஸ்’ ஆக இருந்தால் மட்டுமே அது இயங்க வேண்டும் என்ற நிபந்தனையை இடுங்கள். அதன்பின் கற்பவர் எத்தனை முறை வந்து போனாலும் பொத்தான் பூட்டிக்கொள்ளாது.

ஸ்லைடின் பண்புகளில், மீண்டும் வரும்போது தொடக்க நிலைக்குத் திரும்பச் செய்யும் தெரிவு ஒன்றும் உண்டு; அதுவும் சிக்கலைத் தீர்க்கும் என்றாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் ஒரு விவரத்தைச் சரிபார்க்கத் திரும்பி வந்தவரை மூன்று படங்களையும் மறுபடி அழுத்த வைப்பது தண்டனை போன்றது. படத்தை ‘விசிட்டட்’ ஆக்கத் தனி டிரிகர் எழுதியிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அந்த நிலையைப் படத்துக்குச் சேர்த்திருந்தாலே, அழுத்தியதும் ஸ்டோரிலைன் தானாக மாற்றிக்கொள்ளும்.

சோதிக்கும்போது ஸ்லைடை மட்டும் பிரிவியூ (முன்னோட்டம்) செய்யாதீர்கள், அதில் வேறு ஸ்லைடுக்குப் போய்த் திரும்ப வழியில்லை. அந்த ஸ்லைடு இருக்கும் சீன் (ஸ்லைடுகளின் தொகுப்பு) முழுவதையும் பிரிவியூ செய்யுங்கள். வேரியபிளின் பெயரை இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே எழுத்துப் பெட்டியில் இட்டு வைத்தால், அதன் மதிப்பு எப்போது மாறுகிறது என்பது திரையிலேயே தெரியும். வெளியிடும் முன் அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தியதும் வேரியபிளில் ஒன்று கூட வேண்டும், அடுத்த ஸ்லைடும் வர வேண்டும். ஸ்லைடு மாறுகிறது, எண் கூடவில்லை.

பதில்: ஒரே நிகழ்வுக்கான டிரிகர்களை ஸ்டோரிலைன் மேலிருந்து கீழாக நிறைவேற்றுகிறது. அடுத்த ஸ்லைடுக்குத் தாவச் சொல்லும் டிரிகர் மேலே இருந்தால், கீழே உள்ளதற்கு முறை வருவதற்குள் ஸ்லைடு மாறிவிடுகிறது. டிரிகர் பலகத்தில் உள்ள அம்புக்குறியால், எண்ணைக் கூட்டும் டிரிகரை மேலே நகர்த்தி, தாவும் டிரிகரைக் கடைசியில் வையுங்கள்.