கூண்டு கழுவுவதும் படிப்புதானா?

கேள்வி: எனக்கு 19 வயது. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். வீட்டில் இரண்டு மாடு, ஒரு நாய். சின்ன வயதிலிருந்தே அவற்றோடுதான் இருக்கிறேன். சேலத்தில் ஒரு நாய், பூனை கிளினிக்கில் ஒரு வருடப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். மாதம் ரூ.7,000. ஜூன் 1-ஆம் தேதி சேர வேண்டும். முதல் மூன்று மாதம் கூண்டு கழுவுவதும் தரை துடைப்பதும்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். "பீ அள்ளவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று அப்பா கோபப்படுகிறார். போகலாமா? பிற்பாடு டாக்டர் ஆக வழி உண்டா?
– பெயர் வேண்டாம், நாகலூர், ஏற்காடு

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், சேலம்

கண்ணு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் எத்தனை வருடம் இருந்தாலும் டாக்டர் ஆக முடியாது. அதற்கு ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு வேண்டும். நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் அந்தக் கல்லூரி இருக்கிறது. ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இதை மறைத்து உனக்கு ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை. 1984-ஆம் வருடச் சட்டப்படி நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. நீ கற்கப்போவது அவருக்குப் பக்கத்தில் நின்று செய்யும் வேலை. அது சின்ன வேலை இல்லை.

இப்போது அப்பாவின் கேள்வி. நானும் பிளஸ் டூ முடித்து, உதவித்தொகையோடு பதினோரு மாதப் பயிற்சிக்குப் போனவள். முதல் நாளே கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். கொட்டகையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார். எந்த மாடு எத்தனை தடவை சாணி போட்டது, இளக்கமா கட்டியா, என்ன நிறம் என்று தினமும் எழுதச் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது.

மூன்றாவது வாரம். முந்தின நாள் கன்று ஈன்ற கலப்பின மாடு ஒன்று காலையில் படுத்திருந்தது. அதன் பின்னால் கூட்டப் போனால் தரை சுத்தமாக இருந்தது. ராத்திரி முழுக்க சாணியே இல்லை. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. தலையை விலாப் பக்கம் மடக்கி வைத்திருந்தது. ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன். பால் காய்ச்சல் என்றார். பெயரில்தான் காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவதால் உடம்பு குளிர்ந்துவிடும், விட்டால் மாடு செத்துப்போகும். இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியத்தை மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மாட்டின் உடம்பு நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது, அப்புறம் எழுந்து நின்றது. அந்தச் சாணியை அள்ளியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. மாடு வைத்திருப்பவர், அவருக்குப் புரியும்.

நாய்க் கூண்டிலும் இதேதான். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கிறதா, வாந்தியில் என்ன இருக்கிறது, ரத்தம் கலந்த கழிச்சலா என்பதெல்லாம் கழுவுகிறவர் கண்ணில்தான் முதலில் படும். நீயும் ஒரு நோட்டு வைத்துக்கொள்.

ஆனால் மூன்று மாதம் கழித்தும் துடைப்பம் மட்டுமே கையில் இருந்தால் அது பயிற்சி இல்லை, குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது. அதனால் சேரும் முன்பே கேள்: நாலாவது மாதத்திலிருந்து என்ன சொல்லித்தருவீர்கள்? நாயை வலிக்காமல் பிடித்து நிறுத்துவது, வாய்க்கட்டு போடுவது, உடல் வெப்பம் பார்ப்பது, கருவிகளைக் கொதிகலனில் சுத்திகரிப்பது, அறுவை முடிந்து மயக்கம் தெளியும் வரை பக்கத்தில் இருந்து பார்ப்பது. இவற்றை மாதம் போட்டு எழுதித் தரச் சொல். 1961-ஆம் வருடத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ் உன்னைப் பதிவு செய்வார்களா என்றும் கேள். சின்ன கிளினிக்குக்கு அது கட்டாயம் இல்லை. செய்தால் ஒப்பந்தம் கையில் இருக்கும். 2019 விதிகளில் பிளஸ் டூ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை ரூ.7,000 என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் அவர்கள் சொன்ன தொகையில் குறை இல்லை. ஆனால் கிளினிக்கில் கூட்டம் சேர்வது சாயங்காலத்துக்கு மேல்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதையும் தாண்டி நாகலூருக்குத் தினமும் திரும்புவது ஆகாத காரியம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனால் கையில் அதிகம் நிற்காது. வீட்டில் இதை இப்போதே பேசிவிடு.

காமர்ஸ் படித்தது வீண் என்று நினைக்காதே. மருந்து இருப்பு, காலாவதித் தேதி, தடுப்பூசி வைத்த குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்ற பதிவு, எல்லாம் கணக்குத் தெரிந்தவரின் கையில்தான் ஒழுங்காக இருக்கும்.

இன்னொன்றை எனக்கு நடந்ததிலிருந்து சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாடு குறைமாதத்தில் கன்று வீசிவிட்டு நஞ்சுக்கொடி போடாமல் நின்றது. கையுறை கேட்டேன், இல்லை என்றார்கள். வெறுங்கையோடு உதவினேன். சில வாரத்தில் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை, மூட்டெல்லாம் வலி. அந்த மாட்டிடமிருந்து புரூசெல்லா என்ற கிருமி தொற்றியிருந்தது. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டேன். அன்றைக்கு "கையுறை வரட்டும், அப்புறம் தொடுகிறேன்" என்று சொல்லத் தைரியம் இல்லை. நீ சொல்ல வேண்டும். நாயின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரலாம். கையுறை இல்லாமல் கூண்டைத் தொடாதே.

வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் கடிபடும் முன்பே போடும் ஊசி உனக்குக் கட்டாயம். முதல் ஊசி, அதிலிருந்து ஏழாம் நாள், இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள் என மூன்று தவணை. செலவு யாருடையது என்று கிளினிக்கில் கேள், ஆனால் அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்காதே. கடிபட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முன்பே ஊசி போட்டிருந்தாலும்.

இது உன் கைக்கு வரும்போது மே மாத முதல் வாரம். ஜூன் 1-க்குள் மூன்று தவணையும் முடிய வேண்டுமானால், இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள், கண்ணு.